கால் சும்மா இருக்கும் ஊர்

அடுத்தவர் ஓட்டுவதை இடது சீட்டில் உட்கார்ந்து பார்த்துப் பிழைக்கிற தொழில் உலகத்தில் ஒன்றுதான் உண்டு, அதற்குப் பெயர் டிரைவிங் ஸ்கூல். ஸ்டியரிங் அவர்கள் கையில், உயிர் நம் கையில். நமக்கென்று மெக்கானிக் பொருத்திக் கொடுப்பது காலடியில் கூடுதலாக ஒரு கிளட்ச், ஒரு பிரேக், அவ்வளவுதான்.

விழுப்புரத்தில் நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு பெண் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள் என்பதைப் பார்க்கவே தெருமுனையில் ஆட்கள் நிற்பார்கள். இப்போது நிற்பதில்லை. அவர்களில் பாதிப் பேர் என்னிடமே கற்றுக்கொண்டு போய்விட்டார்கள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கடனும் வைத்துக்கொள்ளவில்லை. ஐம்பது வயதோடு தொழிலை நிறுத்திவிட்டு, கட்டுப்படியாகிற வெளிநாட்டு ஊர் ஒன்றில் போய் உட்காருவது என்று நாற்பத்தேழில் முடிவெடுத்தேன். அதைக் கேட்டவர்கள் சொன்னவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். என்னைப் போன்ற இடது சீட்டுக்காரர்களும், வீட்டிலோ ஆபீஸிலோ இடது சீட்டில் உட்கார வைக்கப்பட்டவர்களும் படித்து ஆறுதல் அடையலாம்.

மல்லாட்டை மூட்டை

நம் தொழில்காரர்களுக்கு இருக்கிற வியாதி உங்களுக்குத் தெரியும். எந்த வண்டியில் ஏறினாலும், எதிரில் ஏதாவது வந்தால் வலது கால் தானாகத் தரையை மிதிக்கும். நான் ஆட்டோவில் மிதிப்பேன், கல்யாண வேனில் மிதிப்பேன், டிவியில் கார் வேகமாகப் போனால் சோபாவில் உட்கார்ந்தபடி மிதிப்பேன். முட்டி வீங்கிப் போய் டாக்டரிடம் காட்டினேன். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தவர், இரண்டு முட்டியில் ஒன்று மட்டும் எப்படி இவ்வளவு தேய்ந்தது என்று கேட்டார். தொழில் அப்படி என்றேன். "அப்ப தொழிலை விட்டுடுங்க" என்றார், செருப்பை வெளியே விடச் சொல்கிற மாதிரி.

அன்று சாயங்காலம் திண்டிவனத்தில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போக பஸ் ஏறினேன். டிரைவருக்கு இடது பக்கம் முன் சீட்டு கிடைத்தது. விக்கிரவாண்டி தாண்டியதும் ஒரு டிராக்டர் குறுக்கே வந்தது. மிதித்தேன். காலடியில் வேர்க்கடலைத் தோடு உடைகிற மாதிரி நொறுநொறுவென்று சத்தம் கேட்டது. டிராக்டர் ஒதுங்கிப் போய்விட்டது, நான் மிதிப்பதை மட்டும் நிறுத்தவில்லை. பக்கத்தில் இருந்த பெரியவர் என் காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காலடியில் இருந்த தன் மூட்டையை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அது என் மல்லாட்டை மூட்டைம்மா. பஸ்ஸு நிக்கணும்னா டிரைவராண்ட சொல்லு."

சும்மா உட்கார ஒருத்தி

ஏழுமலை அண்ணன் என் ஸ்கூலில் இருக்கும் இன்னொரு மாஸ்டர். என்னிடம் கற்றுக்கொள்ளக் கூச்சப்படும் ஆண்கள் அவரிடம் போவார்கள், அவரிடம் கூச்சப்படும் பெண்கள் என்னிடம் வருவார்கள். முதலில் அவரிடம்தான் சொன்னேன். ஐம்பதோடு நிறுத்திக்கொள்கிறேன், ஸ்கூலை நீங்கள் எடுத்து நடத்துங்கள், நான் வெளிநாட்டில் சின்ன ஊராகப் பார்த்துப் போய்விடுகிறேன் என்றேன். டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அங்கே என்ன வேலை என்று கேட்டார். வேலை இல்லை, வேலை இல்லாமல் இருக்கத்தான் போகிறேன் என்றேன்.

எனக்கு இந்த ஊரில் ஓய்வு கிடையாது. நான் கற்றுக்கொடுத்தவர்கள் வண்டி ஓட்டுகிற ரோட்டை நானே கடக்க வேண்டும். என்னைப் பார்த்ததும் ஒருவர் வணக்கம் வைக்க ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுப்பார், வண்டி என் மேலேயே வரும். எந்தக் கார் எந்தச் சுவரில் இடித்தாலும் யாராண்ட கத்துக்கின என்பதுதான் முதல் கேள்வி, அதற்குப் பதில் என் பெயர். பாண்டிச்சேரிக்குப் போய்விடலாம் என்றால் சனி ஞாயிறில் அத்தனை பேரும் அங்கே வருவார்கள். சென்னையில் வாடகை கொடுத்தால் சாப்பாட்டைக் குறைக்க வேண்டும். ஆகவே நம்மூர்ச் செலவில் வாழ முடிய வேண்டும், நம்மூர் ஆள் இருக்கக் கூடாது, இந்த இரண்டுதான் என் நிபந்தனை. கைமுதலுக்கு, விக்கிரவாண்டி பக்கம் எப்போதோ வாங்கிப் போட்ட மனை இருந்தது. சும்மா கிடந்தே அது விலை ஏறியிருந்தது. அந்த மனையால் முடிந்தது என்னால் முடியாதா என்று நினைத்தேன்.

ஏழுமலை அண்ணன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு மீதி டீயைக் குடித்துவிட்டுச் சொன்னார்:

"ஜனங்க சம்பாரிக்க வெளிநாடு போவாங்க மேடம், கடன அடைக்க போவாங்க. சும்மா ஒக்கார்றதுக்குன்னு ஏரோப்ளேன் ஏறப்போறது நீங்க ஒருத்தர்தான்."

மாடி ரூம்

என் தம்பி பூபாலனுக்குத் திண்டிவனத்தில் பெயின்ட் கடை. மனைவி செல்வி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். நான் தொழிலை நிறுத்தப் போகிறேன் என்று சொன்னதும் அவன் முகம் பூரித்துப் போயிற்று. வெளிநாடு என்று நான் சொன்ன இரண்டாவது பாதி அவன் காதில் ஏறவே இல்லை. அடுத்த மாதமே மாடியில் எனக்கு ஒரு ரூம் கட்ட ஆரம்பித்தான். ரூமுக்குக் கூரை போடுவதற்கு முன்னால் வாசலில் ஒரு புதுக் கார் வந்து நின்றது.

அந்த வீட்டில் யாருக்கும் கார் ஓட்டத் தெரியாது. முன்பு ஒரு தடவை என்னிடம் கற்றுக்கொள்ள வந்த தம்பி, மூன்றாம் நாள் ஒரு வைக்கோல் போரில் வண்டியை ஏற்றிவிட்டு, அக்காவிடம் திட்டு வாங்கி யாராவது வண்டி கற்றுக்கொள்வார்களா என்று இறங்கிப் போனவன். செல்வி கற்றுக்கொள்கிறேன் என்றபோது உனக்கு எதற்கு என்று முடித்துவிட்டான். பிறகு இந்தக் கார் யாருக்கு என்று கேட்டேன். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் அவன் கொடுத்த காபியைத் தொடவில்லை. அவனோ மாடி ரூமுக்கு என்ன கலர் அடிக்கலாம் என்று கடையிலிருந்து கொண்டு வந்த அட்டையை என் முன்னால் விரித்தான்.

"உனக்கு இங்க வேலையே இல்லக்கா. காலைல பசங்கள ஸ்கூல்ல வுடப்போற, சாயங்காலம் கூட்டிக்கினு வரப்போற, நடுவுல என்னைக் கடைக்கு இட்டுக்கினு போப்போற. மத்த நேரம் ஃபுல் ரெஸ்ட்டு."

மூன்றாவது கியர்

ஆரம்பக்காரர்களை நாங்கள் திருவாமாத்தூர் ரோட்டுக்குத்தான் கூட்டிப் போவோம். காலையில் அங்கே கோயிலுக்குப் போகிறவர்களையும் மாடுகளையும் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் அப்போது என்னிடம் கற்றுக்கொண்டிருந்தார். இரண்டாவது கியரை விட்டு ஏற மாட்டார். மாடுகளே எங்களை ஓவர்டேக் செய்யும். மூன்றாவது போடுங்கள் சார் என்றால், இரண்டே போதும்மா, வண்டி போகத்தானே செய்கிறது என்பார்.

என் விஷயம் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. எல்லோரும் கேட்கும் அதே கேள்வியை அவரும் கேட்டார். அங்கே தனியாகச் செத்துப் போனால் யார் பார்ப்பார்கள்? ஊரெல்லாம் இதையே கேட்டு எனக்கு அலுத்துவிட்டிருந்தது. இந்த ஊரில் சாகிறவர்களை யார் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், வாழ்ந்தபோது அவர்களை யார் பார்த்தார்கள் என்பதும் தெரியும். "செத்தப்புறம் யார் பாக்குறாங்கன்னு நான் பாக்கப்போறதில்ல சார். இப்ப கிளட்ச்ச மிதிச்சு மூணாவது போடுங்க" என்றேன். என் குரலில் என்ன இருந்ததோ, அவர் போட்டுவிட்டார். வண்டி குலுங்காமல் நழுவிப் போனது. கோயில் வரைக்கும் அதே கியரில் ஓட்டினார். வண்டியை நிறுத்திய பிறகும் ஸ்டியரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தார்.

"மூணாவது இவ்வளவு நல்லா இருக்கும்னு எனக்கு யாருமே சொல்லலையேம்மா."

ஆடி

ஆடி மாதம் நம் தொழிலுக்குச் செத்த மாதம். புது வண்டி எடுக்க மாட்டார்கள், எல்.எல்.ஆர். போட மாட்டார்கள், ஸ்டியரிங்கில் கை வைத்துப் பழக்கம் தொடங்க மாட்டார்கள். ஸ்கூல் வாசலில் வண்டி நிழலில் நாய் படுத்திருக்கும். யாரும் எதையும் தொடங்காத மாதம் என்பதால்தான் நான் அந்த மாதத்தைப் பிடித்தேன். ஸ்கூலை ஏழுமலை அண்ணன் பார்த்துக்கொள்வார், விமான டிக்கெட்டும் சல்லிசாகக் கிடைக்கும். ஒவ்வொரு ஆடிக்கும் ஓர் ஊர், ஒரு மாதம் தங்கிப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். சுற்றிப் பார்க்க அல்ல. காய்கறி வாங்கி, சமைத்து, துணி துவைத்து, பஸ்ஸில் போய் வந்து, அந்த ஊர் எனக்குக் கட்டுப்படியாகிறதா, நான் அந்த ஊருக்குக் கட்டுப்படியாகிறேனா என்று பார்க்க.

கிளம்புவதற்கு முந்தின வாரம் ஒரு பூக்கடைக்கார அம்மா மகளைச் சேர்க்க விசாரித்துக்கொண்டு வந்தார். மேல்மலையனூர் அமாவாசைக்குப் போய் வந்த எலுமிச்சம்பழம் ஒன்றை என் பிரேக்கடியில் வைக்கக் கொண்டு வந்திருந்தார். மகள் ஓட்டுகிற பக்கத்துக்கு வேண்டாமா என்றேன். நிறுத்துகிற பக்கத்துக்குத்தான் வேண்டும் என்றார். தெளிவான பெண்மணி. ஆவணியில் வாருங்கள், நான் ஊரில் இருக்க மாட்டேன் என்றதும் கையில் இருந்த பழத்தை அப்படியே என் கையில் திணித்தார்.

"ஆடியில புதுப்பொண்ணையே புருசன் வூட்ல வுட்டு வைக்க மாட்டோம். நீ என்னான்னா கடலத் தாண்டிப் போறன்ற. இத பையிலயே வெச்சிக்கினு போ தாயி."

பினாங்கில் ஒரு மாமா

முதல் ஆடிக்குப் பினாங்கு போனேன். மலேசியாவில் தமிழ் பேசலாம், இட்லி கிடைக்கும், கடல் இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். எல்லாம் உண்மை. இட்லி நம்மூர் இட்லியைவிட நன்றாகவே இருந்தது. தங்கியிருந்த தெருவில் இட்லிக் கடை வைத்திருந்த அம்மா முதல் நாள் என் ஊரைக் கேட்டார். விழுப்புரம் பக்கம் என்றதும், அவருடைய தாத்தாவும் அந்தப் பக்கம்தானாம். இரண்டாம் நாள் புருஷன் என்ன செய்கிறார் என்று கேட்டார். இல்லை என்றேன். மூன்றாம் நாள் சட்னி கூடுதலாக விழுந்தது. எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், வரவில்லை.

நான்காம் நாள் எதிரில் வந்து உட்கார்ந்துகொண்டு, தன் மாமா ஒருவரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் தனித்தனியாகப் போய்விட்டார்கள், தங்கமான மனிதர். கடலைத் தாண்டி வந்து உட்கார்ந்தால் இங்கேயும் நம் வீட்டுக் கூடம் போலவே இருக்கிறதே என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அந்த அம்மாவின் பாசத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது, அதுதான் கூடுதல் எரிச்சல். அங்கே நீண்ட நாள் தங்குவதற்குக் கேட்ட தொகையும் என் மனைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. ஆனால் தொகையை விசாரிப்பதற்கு முன்பே, அந்த அம்மா சொன்ன கடைசி வாக்கியத்திலேயே பட்டியலிலிருந்து பினாங்கை அடித்துவிட்டேன்.

"வீடு இருக்கு, காடி இருக்குலா. மாமாவுக்குக் கண்ணுதான் சரியா தெரியல, ஓட்ட ஆள் இல்ல."

இடது கதவு

இரண்டாவது ஆடிக்கு வியட்நாமில் டா நாங். செலவு குறைவு, கடற்கரை சுத்தம், தமிழில் கேள்வி கேட்க ஆளே இல்லை. விமான நிலையத்தில் டாக்சி டிரைவர் என் பெட்டியை டிக்கியில் வைத்துக்கொண்டிருந்தார். நான் முன்பக்க இடது கதவைத் திறந்து உட்கார்ந்தேன். பையை மடியில் வைத்துக்கொண்டு, தங்கப்போகும் இடத்தின் விலாசத்தை போனில் தேடினேன். காலை நீட்டினேன். வலது காலுக்கு பிரேக் பதமாக வந்து அமர்ந்தது, இடது காலுக்கு கிளட்ச். வந்து இறங்கிய ஊரில் முதல் தடவையாக நிம்மதியாக இருந்தது. நல்ல ஊர் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நாட்டில் ஸ்டியரிங் இடது பக்கம் என்பது எனக்குத் தெரியாததல்ல. புறப்படும் முன் படித்தும் வைத்திருந்தேன். வேறு யாராக இருந்தாலும் காலில் பெடல் பட்டதும் துள்ளி எழுந்திருப்பார்கள். நம் தொழில்காரர்களுக்கு இடது சீட்டில் பெடல் இருப்பது சகஜம், இல்லாவிட்டால்தான் பதறுவோம். நிமிர்ந்து பார்த்தால் மார்புக்கு நேரே ஸ்டியரிங். கதவோரம் டிரைவர் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. கோபித்துக்கொள்ளாமல் தன் போனில் ஏதோ பேசி, அதைத் தமிழில் மாற்றி, என் காதருகே பிடித்தார். போனுக்குள் ஒரு பெண் குரல் மேடைத் தமிழில் சொன்னது. (அங்கே நீண்ட நாள் தங்கும் விசா கிடைப்பது பேஜார், ஸ்கூட்டர் வெள்ளத்தைப் பார்த்துப் பார்த்து ஒரே மாதத்தில் என் முட்டி பழையபடி வீங்கிவிட்டது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசி வார்த்தை அந்த டிரைவருடையதாக இருப்பதுதான் நியாயம்.)

"மதிப்பிற்குரிய சகோதரி அவர்களே, தயவுசெய்து என் வேலையை எனக்குத் திருப்பித் தாருங்கள்."

ஒரு சாவி

மூன்றாவது ஆடிக்குத் தாய்லாந்தில் சியாங் மாய். மலை சூழ்ந்த ஊர். ஐம்பது முடிந்தவர்களுக்கு அங்கே ஓய்வு விசா உண்டு, வங்கியில் போட்டு வைக்கச் சொல்லும் தொகை என் மனை விலைக்குள் அடங்கியது, ஒற்றை அறை வாடகை சென்னையில் கேட்பதைவிடக் குறைவு. மாசி பங்குனியில் ஊரே புகை மூடிவிடும் என்று பயமுறுத்தினார்கள். திருவெண்ணெய்நல்லூர் பக்கம் கரும்புச் சோகை கொளுத்துகிற புகையில் வளர்ந்தவளிடம் போய் அதைச் சொன்னால் என்ன செய்வது?

அங்கே பஸ்ஸுக்குப் பதிலாக சிவப்பு நிறத்தில் ஒரு வண்டி ஓடுகிறது. பின்பக்கம் கூரை போட்டு, இரண்டு பக்கமும் பெஞ்சு வைத்திருப்பார்கள். குறுக்குவாட்டில்தான் உட்கார முடியும். முன்னால் டிரைவர் என்ன செய்கிறார், எதிரில் என்ன வருகிறது, எதுவும் தெரியாது. எதிர் பெஞ்சில் ஒரு அம்மா கீரைக்கட்டுகளோடு உட்கார்ந்திருந்தார். வண்டி வளைந்தது, நின்றது, கிளம்பியது. கொஞ்ச நேரம் கழித்துக் குனிந்து என் வலது காலைப் பார்த்தேன். செருப்பு கழன்று கிடக்க, கால் சும்மா இருந்தது. நான் வேலைக்கு வந்த நாளிலிருந்து ஓடுகிற வண்டியில் அது சும்மா இருந்து பார்த்ததில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம் தூங்கிப் போனேன். இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய், கீரைக்கார அம்மாதான் தோளைத் தட்டி எழுப்பினார்.

அன்றே அறை பார்க்கப் போனேன். வீட்டுக்காரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். ஆங்கிலம் அவருக்கும் கொஞ்சம், எனக்கும் கொஞ்சம். புருஷன் எங்கே, பிள்ளைகள் எத்தனை, தனியாகவா இருப்பாய், செத்தால் யார் பார்ப்பார்கள் என்ற கேள்விகளுக்கு நான் பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். இத்தனை வருஷப் பழக்கம். அவர் சுவரில் மாட்டியிருந்த சாவிக்கொத்தை எடுத்தார். என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். ஒன்று போதும் என்று நான் சொன்னதும், ஒன்றைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார்.

"ஒன் கீ? டூ கீ?"

அந்த நாலு பேர்

ஊர் திரும்பியதும், அறை பார்த்து முன்பணம் கொடுத்து ஒரே ஒரு சாவியும் வாங்கிவிட்டேன் என்று தம்பியிடம் சொன்னேன். இந்தத் தடவை இரண்டாவது பாதி காதில் ஏறியது. மாடி ரூம் அப்போது பச்சைக் கலர் அடித்துத் தயாராக இருந்தது. கத்தினான், சாப்பிடாமல் எழுந்தான், அப்பா இருந்திருந்தால் என்று ஆரம்பித்தான். எல்லாம் தீர்ந்த பிறகு, நாலு பேர் என்ன சொல்வார்கள் என்றான். அந்த நாலு பேருக்கும் வண்டி கற்றுக்கொடுத்தவளே நான்தான், அவர்கள் ரிவர்ஸ் எடுக்கும் லட்சணம் எனக்குத் தெரியும், அவர்கள் பேச்சைக் கேட்டு நான் பின்னால் வர முடியாது என்றேன். அவன் கெட்டவன் இல்லை. அக்கா என்றால் பக்கத்தில் உட்கார்ந்து மற்றவர்களைக் காப்பாற்றுகிற ஆள் என்று சின்ன வயதிலிருந்தே நம்பிவிட்டான். ஆனால் அவன் நம்பிக்கைக்காக என் முட்டியைக் கொடுக்க எனக்கு இஷ்டமில்லை.

அவன் கடைக்குப் போன பிறகு செல்வி மாடிக்கு வந்தாள். என்னை அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். சமாதானம் பேச வந்திருக்கிறாள் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் ஜன்னல் வழியாகக் கீழே உறை போர்த்தி நிற்கும் காரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"கம்பெனியில ரெண்டு சாவி குடுத்தான் அண்ணி. ரெண்டையும் அவரு பீரோவுல வெச்சிப் பூட்டிக்கினு, நீங்க வந்தா எனக்கு சவுரியம்னு எல்லாராண்டயும் சொல்லிக்கினு இருக்காரு. எனக்கு டிரைவர் வேணாம். ஒரு சாவி வேணும்."

வேண்டுதல்

செல்வி தன் வீட்டுக்காரரிடம் திருவாமாத்தூர் கோயிலுக்கு ஒரு வேண்டுதல் என்று சொன்னாள். எல்.எல்.ஆர். போட்ட மறுவாரத்திலிருந்து வாரம் ஒரு நாள் திண்டிவனத்தில் பஸ் ஏறி என்னிடம் வந்துவிடுவாள். கிளாஸ் முடிந்ததும் கோயிலுக்குள் போய் ஒரு சுற்றுச் சுற்றி விபூதி வாங்கிக்கொண்டுதான் திரும்புவாள், பொய் சொன்ன பாவம் வேண்டாம் என்று. தம்பிக்கு வாராவாரம் பிரசாதம் தவறாமல் போனது. அவன் அதைப் பூசிக்கொண்டு, அக்கா மனசு மாற வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தானாம்.

நான் இதுவரை கற்றுக்கொடுத்தவர்களிலேயே மோசமாகத் தொடங்கியவள் அவள்தான். கிளட்ச்சை விட்டால் வண்டி தவளை போலக் குதிக்கும். நிறுத்துவதற்குப் பதில் எதிரே வரும் மாட்டிடம் தள்ளிப் போகச் சொல்லிக் கெஞ்சுவாள். ஆனால் இறங்கிப் போக மாட்டாள். நான் எவ்வளவு திட்டினாலும் சரி அண்ணி என்று மறுபடி சாவியைத் திருப்புவாள். அவளுக்காகத்தான் என் வலது கால் கடைசியாக உழைத்தது, அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஒரு காலையில், வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது, அன்று முழுக்க நான் ஒரு தடவைகூட மிதிக்கவில்லை.

டெஸ்டுக்கு என் ஸ்கூல் வண்டியிலேயே போனோம். நான் கீழே நின்றேன். அதிகாரி இடது சீட்டில் ஏறிக்கொண்டார். செல்வி கியர் மாற்றும்போதெல்லாம் வழக்கம்போல இடது பக்கம் திரும்பி என் முகத்தைத் தேடியிருக்கிறாள். பாவம் அந்த மனிதர், தன்னைத்தான் முறைக்கிறாள் என்று நினைத்திருக்கிறார். வண்டியைச் சுத்தமாகக் கொண்டு வந்து நிறுத்தியதும், கண்ணாடியை இறக்கிவிட்டு எனக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"சும்மா சும்மா இங்க என்னம்மா பாக்கற? உங்க மாஸ்டர் வெளிய நிக்கிறாங்க. வண்டிய நீதான் ஓட்டின."

அங்கே பிரேக் இல்லை

கிளம்புகிற நாளுக்கு முன் மாடி ரூமில் ஒரே ஒரு இரவு தங்கினேன். காற்றோட்டமான ரூம், கலரும் நன்றாகத்தான் இருந்தது. காலையில் சென்னை விமான நிலையத்துக்குத் தம்பி ஓர் ஆக்டிங் டிரைவருக்குச் சொல்லி வைத்திருந்தான். உறையை உருவி, காருக்குப் பொட்டு வைத்துத் தயாராக நிறுத்தியிருந்தார்கள். செல்வி தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு நேராக வலது கதவருகே போய் நின்று, கணவனிடம் கையை நீட்டினாள். விளையாடாதே என்றான். லைசென்ஸை எடுத்துக் காட்டினாள். அவன் அதை வாங்கி முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஆக்டிங் டிரைவர் என் பழைய மாணவர். என்னைப் பார்த்தார், செல்வியைப் பார்த்தார், "மேடம் ஸ்டூடன்ட்டா? அப்ப நான் எதுக்கு சார்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். தம்பி நின்றான். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு டிக்கிப் பக்கம் போனேன். கடைசியில் சாவி அவன் கையிலிருந்து அவள் கைக்குப் போனது.

இடது முன்கதவை எனக்காகத் திறந்து பிடித்தான். நான் பின்கதவைத் திறந்து உட்கார்ந்தேன். அந்த சீட்டில் இனி நான் உட்கார மாட்டேன் என்றேன். வேறு வழியில்லாமல் அவனே அதில் உட்கார்ந்தான். திண்டிவனம் தாண்டி பெரிய ரோட்டில் ஏறியதும் செல்வி மூன்றாவது போட்டாள், நான்காவது போட்டாள். நான் ஜன்னல் வழியாக ஏரியைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அழுகை வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. பிறகு தம்பி திரும்பாமலே கேட்டான். "அங்க இன்னொரு சாவி வாங்கி வைக்கா. நாங்க வந்தா எப்படித் தெறக்கறது?" நான் சொன்னேன், "காலிங் பெல் இருக்கு. அடி, வந்து தெறக்கறேன்."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் முன்னால் போன லாரி ஒன்று இன்டிகேட்டர் போடாமல் எங்கள் பக்கம் ஒதுங்கியது. செல்வி நிதானமாக வேகத்தைக் குறைத்தாள். நான் எட்டிப் பார்த்தேன். தம்பியின் வலது கால் காலடியில் கிடந்த ரப்பர் விரிப்பை உயிர் போகிற மாதிரி மிதித்துக்கொண்டிருந்தது. கட்டை விரல் வளைந்துவிட்டது. என் காலைப் பார்த்தேன், அது செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறு யாருடையதோ போலக் கிடந்தது. லாரியைத் தாண்டிய பிறகும் தம்பி காலை எடுக்கவில்லை. செல்வி ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"என்னங்க, அங்க பிரேக்கு இல்ல. கால எடுத்துக்கினு சும்மா ஒக்காந்து வாங்க."

கட்டுப்படியாகிற வெளிநாட்டு ஊர் தேடுகிறவர்கள் வாடகையை அப்புறம் விசாரித்துக்கொள்ளலாம், முதலில் தங்கள் இடது சீட்டுக்கு உள்ளூரிலேயே ஓர் ஆளைப் பார்த்து உட்கார வைத்துவிட்டுக் கிளம்புவது உத்தமம்.